கடவுளை யார் படைத்தது என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

அடுத்த கேள்வி நம் பெங்களூர் அல்சூரிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. அப்படியே வாசிக்கிறேன்.

"பாஸ்டர், ஸ்தோத்திரம். என் மகன் எட்டாவது படிக்கிறான். பிரபஞ்சத்துக்கு 1380 கோடி வயது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்களாம். எல்லாவற்றையும் கடவுள் படைத்தார் என்றால் கடவுளை யார் படைத்தது, உலகத்தைப் படைப்பதற்கு முன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்கிறான். சண்டே ஸ்கூலில் கேட்டதற்கு, இப்படியெல்லாம் கேட்பது பாவம் என்று உட்கார வைத்துவிட்டார்களாம். நான் என்ன பதில் சொல்வது? இன்னொன்று, நமக்கும் நித்திய ஜீவன் உண்டு என்கிறோமே, அப்படியானால் நாமும் தேவனைப் போல நித்தியமானவர்களா?"

சிஸ்டர், கேட்டது பாவமே இல்லை என்று முதலில் பையனிடம் சொல்லிவிடுங்கள். இதே கேள்வியை 1600 வருஷங்களுக்கு முன்பே வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ பட்டணத்துப் பேராயராக இருந்த அகஸ்டின் எடுத்துப் பேசியிருக்கிறார். அவருடைய 'அறிக்கைகள்' என்ற நூலில் 11-ஆம் புத்தகம் முழுக்க இந்த யோசனைதான். வானத்தையும் பூமியையும் படைப்பதற்கு முன் தேவன் என்ன செய்தார் என்று ஒருவன் கேட்டானாம். "உன்னைப் போலத் துருவிக் கேட்கிறவர்களுக்காக நரகத்தைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தார்" என்று யாரோ வேடிக்கையாகப் பதில் சொன்னார்களாம். அந்தப் பதிலை நான் சொல்ல மாட்டேன் என்கிறார் அகஸ்டின். ஆழமாகக் கேட்கிறவனைக் கேலி செய்வதைவிட, தெரியாததைத் தெரியாது என்று சொல்வதே மேல் என்கிறார். சண்டே ஸ்கூல் எடுக்கிற தம்பி தங்கைகள் பார்த்துக்கொண்டிருந்தால் இதை மனதில் வையுங்கள். கேள்வி கேட்கிற பிள்ளைதான் பாடத்தைக் கவனித்த பிள்ளை.

சரி, கடவுளை யார் படைத்தது? யாரும் படைக்கவில்லை. இதைக் கேட்டதும் பையன், "அது எப்படி? எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வேண்டாமா?" என்பான். எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும் என்று கிறிஸ்தவ விசுவாசம் சொல்லவில்லை. உண்டானதற்குத்தான் காரணம் வேண்டும். தானாக நிற்க முடியாததற்குத்தான் தாங்குகிற ஒன்று வேண்டும்.

அவனுக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல வேண்டுமானால் கைமாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மாசக் கடைசியில் நீங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஆயிரம் ரூபாய் வாங்குகிறீர்கள். அந்த அக்கா அதைத் தன் தம்பியிடம் வாங்கித்தான் கொடுத்தார். தம்பி தன் முதலாளியிடம் வாங்கினான். இப்படி எத்தனை பேர் வேண்டுமானாலும் வரிசையாக நிற்கட்டும். எல்லாருமே கடன் வாங்கினவர்கள் என்றால் உங்கள் கையில் ஆயிரம் ரூபாய் வந்திருக்கவே முடியாது. எங்கேயோ ஒருவர் சொந்தப் பணத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். "அவர் யாரிடம் கடன் வாங்கினார்?" என்ற கேள்வி அவரிடம் செல்லாது.

நம்முடைய உயிர், இந்த மண், நட்சத்திரம், எல்லாமே வாங்கின இருப்பு. தேவனுடைய இருப்பு ஒன்றுதான் சொந்த இருப்பு. யோவான் 5:26-ல் ஆண்டவர் இதைத்தான் சொல்கிறார்: பிதாவானவர் தம்மில்தாமே ஜீவனுடையவராயிருக்கிறார். பவுல் அத்தேனே பட்டணத்தில் பேசும்போது, தேவன் எல்லாருக்கும் ஜீவனையும் சுவாசத்தையும் சகலத்தையும் கொடுக்கிறவர், அவருக்கு யாதொன்றும் தேவையில்லை என்கிறார். அப்போஸ்தலர் 17-ல் இருக்கிறது. நித்தியம் என்று நாம் சொல்வதற்கு அடிப்படை இதுதான். அவர் யாரிடமும் எதையும் வாங்கி வாழவில்லை, அதனால் அவருக்குத் தொடக்கமும் இல்லை, தீர்ந்துபோவதும் இல்லை.

இங்கே நிறைய விசுவாசிகள் மனதில் ஒரு தவறான படம் இருக்கிறது. தேவன் என்றால் ரொம்ப ரொம்ப வயதானவர், பிரபஞ்சத்துக்கு 1380 கோடி என்றால் அவருக்கு அதைவிடப் பல மடங்கு என்று நினைத்துக்கொள்கிறோம். எத்தனை பூஜ்யம் சேர்த்தாலும் அது வயதுதான். தேவனுக்கு வயதே கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பையனை லால்பாக் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கெம்பேகவுடா கோபுரம் நிற்கிற பாறை மேல் ஏறியிருப்பீர்கள். சும்மா நடந்து போகாமல் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். வெளுப்பும் கருப்புமாக வரி வரியாக ஓடும். பகல் வெயிலை வாங்கி வைத்திருப்பதால் கை வைத்தால் சூடு தெரியும். அந்தப் பாறைக்கு ஏறக்குறைய 300 கோடி வருஷம் என்று புவியியல் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். உலகத்தின் மிகப் பழைய பாறைகளில் ஒன்று நம் ஊர் நடுவில் கிடக்கிறது. அதன் மேல் உட்கார்ந்து 90-ஆம் சங்கீதத்தை அவனை வாசிக்கச் சொல்லுங்கள். "பர்வதங்கள் தோன்றுமுன்னும், நீர் பூமியையும் உலகத்தையும் உருவாக்குமுன்னும், நீரே அநாதியாய் என்றென்றைக்கும் தேவனாயிருக்கிறீர்." அந்தப் பாறைக்கும் ஒரு முதல் நாள் இருந்தது.

அது மோசேயின் ஜெபம் என்று சங்கீதத்தின் தலைப்பே சொல்கிறது. வனாந்தரத்தில் நாற்பது வருஷம் கூடாரத்தைப் பிரிப்பதும் போடுவதுமாக இருந்த மனுஷன், "தலைமுறை தலைமுறையாக எங்களுக்கு அடைக்கலமானவர்" என்று ஆரம்பிக்கிறார். பெங்களூரில் பதினொரு மாச அக்ரிமென்ட்டில் வீடு மாறி மாறிப் பிழைக்கிற நம் ஜனங்களுக்கு அந்த வசனம் எவ்வளவு நெருக்கமானது! நித்தியத்தைப் பற்றி வேதம் பேசுகிற இடங்களை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அலைந்தவர்கள், இழந்தவர்கள், சாவைப் பக்கத்தில் பார்த்தவர்கள் பேசுகிற இடங்களாகத்தான் இருக்கும்.

இனி இரண்டாவது கேள்வி, படைப்பதற்கு முன் என்ன செய்தார்? அகஸ்டின் சொன்ன பதில்: தேவன் உலகத்தைப் படைத்தபோது காலத்தையும் சேர்த்தே படைத்தார். அதனால் அவர் சும்மா காத்திருந்த நாட்கள் என்று எதுவும் கிடையாது. தேவன் காலத்துக்குள்ளேயே தொடக்கமும் முடிவும் இல்லாமல் இருக்கிறார் என்று சொல்கிற கிறிஸ்தவ அறிஞர்களும் இருக்கிறார்கள். எனக்கு அகஸ்டின் சொல்வதே சரியாகப் படுகிறது. ஆனால் அதோடு நிறுத்தினால் பையனுக்குத் தேவன் தனியாக, வெறுமையாக இருந்தார் என்று தோன்றும். இங்கேதான் யோவான் 17:24 முக்கியம். இயேசு பிதாவைப் பார்த்து, "உலகத்தோற்றத்துக்கு முன் நீர் என்னில் அன்பாயிருந்தபடியினால்" என்கிறார். அநாதியிலும் அன்பு இருந்தது. பிதாவும் குமாரனும் பரிசுத்த ஆவியானவரும் அந்த அன்பில் நிறைவாக இருந்தார்கள். தனிமை தாங்காமல் நம்மைப் படைக்கவில்லை. நாம் இல்லாவிட்டாலும் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. அப்படியிருந்தும் நம்மை உண்டாக்கினார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

325-ஆம் ஆண்டு நிசேயாவில் சபைத் தலைவர்கள் கூடியதும் இதற்காகத்தான். குமாரன் இல்லாத ஒரு காலம் இருந்தது என்று ஆரியஸ் என்ற குருவானவர் போதித்தார். சபை அதை மறுத்தது. குமாரனுக்குத் தொடக்கம் உண்டென்றால், தேவன் ஒரு கட்டத்தில்தான் பிதாவானார், அந்த அன்பும் இடையில் வந்தது என்றாகிவிடும். திருவிருந்து ஆராதனையில் நிசேயா விசுவாசப் பிரமாணத்தை மடமடவென்று ஒப்புவிக்கிறோமே, சகல உலகங்களுக்கும் முன்னே பிதாவினால் ஜெநிப்பிக்கப்பட்டவர் என்ற இடம் வரும்போது கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள்.

1380 கோடி விஷயத்தில் பையனோடு சண்டை போட வேண்டாம். பிரபஞ்சம் ஒரு மிக அடர்ந்த தொடக்கத்திலிருந்து விரிந்தது என்று 1931-ல் முன்வைத்தவர் ஜார்ஜ் லெமெத்ர், பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கக் குருவானவர். ஆனால் தன் கணக்கைக் கடவுள் இருப்பதற்கு அத்தாட்சியாகக் காட்டுவதை அவரே விரும்பவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் இறையியல் அறிஞர் தாமஸ் அக்குவினாஸும், உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதை நாம் விசுவாசத்தால் அறிகிறோம், வெறும் தர்க்கத்தால் நிரூபிக்க முடியாது என்றுதான் எழுதினார். ஆகையால் நாளைக்கு அறிவியல் வேறு கணக்குச் சொன்னாலும் நாம் பதற வேண்டியதில்லை. கைமாற்று வரிசை எவ்வளவு நீண்டாலும் சொந்தப் பணம் உள்ளவர் ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக நம்முடைய நித்திய ஜீவன். இல்லை சிஸ்டர், நாம் தேவனைப் போல நித்தியமானவர்கள் இல்லை. நமக்குப் பிறந்த நாள் இருக்கிறது. ஒருவராய்ச் சாவாமையுள்ளவர் என்று 1 தீமோத்தேயு 6:16 தேவனைப் பற்றி மட்டுமே சொல்கிறது. நம்முடைய முடிவில்லாத ஜீவன் ஒவ்வொரு நொடியும் அவர் கையிலிருந்து வருவது, பரலோகத்திலும் அப்படித்தான். அப்புறம், அது செத்த பிறகு ஆரம்பிக்கிற விஷயமும் இல்லை. ஒன்றான மெய்த்தேவனையும் அவர் அனுப்பின இயேசு கிறிஸ்துவையும் அறிவதே நித்திய ஜீவன் என்கிறது யோவான் 17:3. உங்கள் மகன் இந்தக் கேள்வியைக் கேட்டதே அந்த அறிதலில் ஒரு அடிதான்.

தேவன் மாறாதவர் என்றால் ஜெபம் பண்ணி என்ன பிரயோஜனம் என்று அவன் அடுத்துக் கேட்பான். கேட்டால் எழுதி அனுப்புங்கள், அதற்குத் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். இப்போது சிவாஜிநகரிலிருந்து ஒரு பிரதர் ஓய்வுநாளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.