புயல் காற்றில் பிளைவுட் எவ்வளவு வளையும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

[திரையில்: பால்கனிக் கண்ணாடிக் கதவு, அதன் முன்னால் எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட்]

வணக்கம். புயல் எச்சரிக்கை வந்துவிட்டது. பால்கனிக் கண்ணாடிக் கதவை மறைக்கப் பிளைவுட் அடிக்கப் போகிறீர்கள். கடைக்குப் போனதும் எல்லாரும் கேட்பது, "12 எம்எம் போதுமா, 18 எம்எம் வேணுமா?" அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: பலகையை எங்கெங்கே தாங்கப் போகிறோம்? விடை தெரிந்தால் பணமும் மிச்சம், கண்ணாடியும் தப்பும்.

முதலில் காற்றின் அழுத்தம். ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதியின் மூன்றாம் பகுதி, சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகமாக நொடிக்கு 50 மீட்டரைத் தருகிறது. மணிக்கு 180 கிலோமீட்டர். வேகத்தின் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்குங்கள்.

[திரையில்: 0.6 × 50 × 50 = 1500]

சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன். கட்டடத்தின் உயரம், சுற்றுப்புறம், சுவரில் பலகை இருக்கும் இடம் இவற்றுக்கெல்லாம் விதியில் தனிக் குணகங்கள் உண்டு. இங்கே அவற்றை 1 என்று வைத்துக்கொள்கிறேன். அப்போது முழு ஷீட்டின் மேல் விழும் விசை சுமார் 455 கிலோ எடைக்குச் சமம்.

சரி, வளைவுக்கு வருவோம்.

[திரையில்: வளைவு = 5 × சுமை × இடைவெளி⁴ ÷ (384 × யங் குணகம் × ஐ)]
[திரையில்: ஐ = அகலம் × தடிமன்³ ÷ 12]

இரு முனையிலும் தாங்கப்பட்ட பட்டைக்கான சூத்திரம் இது. யங் குணகம் என்பது பொருளின் விறைப்பு. ஐ என்பது பட்டையின் அகலமும் தடிமனும் வளைவை எவ்வளவு எதிர்க்கின்றன என்பதன் அளவு. ஷீட்டின் இரண்டு நீளப் பக்கங்கள் மட்டும் தாங்குகின்றன என்று எடுப்போம். நான்கு பக்கமும் தாங்கினால் வளைவு இதைவிடக் குறையும். இடைவெளி 1220 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் அகலப் பட்டையில், மில்லிமீட்டருக்கு 1.5 நியூட்டன் சுமை.

இந்த இடத்தில் ஷீட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். மேல்தாளில் மர ரேகைகள் பெரும்பாலும் எட்டடி வாக்கில் ஓடும். அந்த வாக்கில் பிளைவுட் விறைப்பாக இருக்கும், குறுக்கு வாக்கில் எளிதில் வளையும். நாம் இப்போது வளைக்கப் போவது குறுக்கு வாக்கில்தான். ரேகை வாக்கில் யங் குணகம் 7000, குறுக்கே 4000 என்று வைத்துக்கொள்வோம். அலகு, சதுர மில்லிமீட்டருக்கு நியூட்டன். பிராண்டுக்குப் பிராண்டு இது மாறும்.

[திரையில்: 18 எம்எம்: 22 மிமீ. 12 எம்எம்: 75 மிமீ]

18 எம்எம் ஷீட்டின் நடுப்பகுதி 22 மில்லிமீட்டர் உள்வாங்குகிறது. 12 எம்எம் ஷீட் என்றால் 75. சூத்திரம் சிறு வளைவுகளுக்கானது என்பதால் 75 என்ற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், இந்த அமைப்பு ஆகாது என்று மட்டும் தெரிந்துகொண்டால் போதும். பலகைக்குப் பின்னால் 50 மில்லிமீட்டரில் கண்ணாடி இருந்தால் பலகையே அதை உடைத்துவிடும்.

இப்போது அதே 12 எம்எம் ஷீட்டுக்குப் பின்னால், நாலடி வாக்கில், 610 மில்லிமீட்டருக்கு ஒன்றாக ரீப்பர், அதாவது தாங்கு மரச் சட்டம், கொடுப்போம். இடைவெளி பாதியானது. சூத்திரத்தில் இடைவெளி நான்காம் அடுக்கில் இருப்பதால் வளைவு பதினாறில் ஒரு பங்காகிறது. இன்னொரு லாபமும் உண்டு: ரீப்பருக்கு ரீப்பர் பலகை இப்போது எட்டடி வாக்கில், அதாவது ரேகை வாக்கில் தாங்குகிறது. குணகம் 4000 போய் 7000 வந்துவிட்டது.

[திரையில்: 12 எம்எம் + ரீப்பர்: 2.7 மிமீ]

75 இருந்த இடத்தில் 2.7! ரீப்பர் இல்லாத 18 எம்எம் ஷீட் இதன் பக்கத்தில்கூட வர முடியாது.

ஆனால் ரீப்பரும் வளையுமே? வளையும், அதையும் சேர்க்காமல் விட்டால் கணக்கு அரைகுறை. மூணுக்கு ரெண்டு சட்டம், 75க்கு 50 மில்லிமீட்டர், குணகம் 9000. 75 பக்கம் பலகையிலிருந்து விலகி நிற்கும்படி நிமிர்த்தி வைத்தால் 1.7 மில்லிமீட்டர் வளையும். படுக்க வைத்தால் கிட்டத்தட்ட 3.8. ஒரே மரம், ஒரே விலை. திருகு போடச் சுலபம் என்று படுக்க வைப்பார்கள், தயவுசெய்து விடாதீர்கள். நிமிர்த்தினால் மொத்தம் 2.7 + 1.7, அதாவது 4.4 மில்லிமீட்டர்.

மதுரைக்கு அதே விதி தரும் வேகம் நொடிக்கு 39 மீட்டர். அழுத்தம் 913 ஆகக் குறைகிறது, மொத்த வளைவு 4.4லிருந்து 2.7 மில்லிமீட்டருக்கு இறங்கிவிடும்.

மழையில் ஊறினால் பிளைவுட்டின் விறைப்பு குறையும். அதனால் பி.டபிள்யூ.பி. தரம், அதாவது கொதிநீரையும் தாங்கும் பசையால் ஒட்டியது, வாங்குங்கள், வெட்டிய விளிம்புகளுக்குப் பெயின்ட் அடியுங்கள்.

அப்புறம், புயலின் கண் கடந்ததும் காற்று எதிர்த்திசையில் திரும்பும். அதுவரை அமுக்கிய காற்று பலகையை வெளியே இழுக்கும். அப்போது பிடித்திருப்பது திருகு மட்டும்தான். ஆணி வேண்டாம், திருகின் தலைக்கடியில் அகலமான வாஷர் போடுங்கள். ஒவ்வொரு ரீப்பரின் முனையிலும் சுமார் 57 கிலோ இழுவிசை வரும். அதைத் தாங்க, ஆங்கர் போல்ட் சிமென்ட் பூச்சைத் தாண்டி உள்ளே கான்கிரீட்டில் இறங்கியிருக்க வேண்டும்.