கடைசி மூன்று குழிகள்: நல்ல சுற்று கைநழுவும் இடம்

[திரையில்: மாலை வெயிலில் கோல்ஃப் மைதானத்தின் பதினாறாவது டீ (ஒரு குழிக்கான முதல் அடியை அடிக்கும் இடம்). மடித்த ஸ்கோர் அட்டையை ஒரு கை பிரித்துப் பார்க்கிறது.]

பதினெட்டுக் குழிகள் கொண்ட கோல்ஃப் சுற்றில் பதினைந்து முடிந்துவிட்டன. அட்டையைக் கூட்டிப் பார்க்கிறீர்கள். பார், அதாவது எதிர்பார்க்கப்படும் மொத்த அடிகள், 72 கொண்ட மைதானத்தில் ஒருமுறைகூட 90-க்குக் கீழே முடித்திராத உங்களுக்கு, மீதமிருக்கும் மூன்று குழிகளிலும் போகி (பாரை விட ஓர் அடி அதிகம்) எடுத்தாலே 87 கிடைத்துவிடும் என்று கணக்கு சொல்கிறது. இதுவரை இலகுவாகச் சுழன்ற மட்டை, அடுத்த டீயில் ஏனோ கனக்கிறது. பந்து வலப்பக்கம் மரங்களுக்குள் போகிறது. அதன் பிறகு நடப்பது கோல்ஃப் ஆடும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அந்த அரை மணி நேரத்தில் உங்கள் திறமை எங்கும் போய்விடவில்லை. மாறியவை இரண்டு: உங்கள் உடல், உங்கள் கவனம்.

உடலில் நடப்பதை எளிதில் கண்டுகொள்ளலாம். இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, விரல்கள் நம்மை அறியாமலேயே பிடியை இறுக்குகின்றன. பிடி இறுகினால் முன்கை இறுகும். முன்கை இறுகினால் மணிக்கட்டு உரிய நேரத்தில் திரும்பாது. மட்டையின் முகம் திறந்தபடியே பந்தைச் சந்திக்கும். வலக்கை ஆட்டக்காரரின் பந்து நெருக்கடியில் அடிக்கடி வலப்பக்கம் விலகிப் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பின்வீச்சு முழுமையடையும் முன்பே மட்டையைக் கீழே இறக்கும் அவசரமும் இதனோடு சேர்ந்துகொள்கிறது.

கவனத்தில் நடக்கும் மாற்றம் இன்னும் ஆழமானது, நான் முக்கியமாகக் கருதுவதும் அதுதான். பல ஆண்டுகள் பழகிய ஒரு வீச்சு, நாம் மேற்பார்வை செய்யாமல் தானாக ஓடும் செயலாக மாறிவிடுகிறது. படியிறங்கும்போது எந்தக் காலை எப்போது வைப்பது என்று யோசித்தால் தடுமாறுகிறோம் அல்லவா, அதுபோலத்தான். அமெரிக்க உளவியல் ஆய்வாளர் சயான் பைலாக், தாமஸ் காருடனும் வேறு இருவருடனும் சேர்ந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த கோல்ஃப் ஆட்டக்காரர்களை இரண்டு விதமாகப் புட் (குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற வழுவழுப்பான புல்தரையில் பந்தை உருட்டும் அடி) அடிக்கச் செய்தார். ஒருமுறை, மட்டையின் அசைவையே கவனித்து, அது நிற்கும் கணத்தில் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றொரு முறை, பின்னணியில் ஒலிக்கும் ஓசைகளில் குறிப்பிட்ட ஒன்றுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே அடிக்க வேண்டும். கவனம் வேறிடத்தில் இருந்தபோதுதான் அவர்கள் நன்றாக அடித்தார்கள்; தங்கள் அசைவைத் தாங்களே கண்காணித்தபோது ஆட்டம் கெட்டது. அதே ஆய்வின் கால்பந்துச் சோதனையில், புதிதாகக் கற்பவர்களிடம் இதற்கு நேர்மாறான முடிவே கிடைத்தது.

பதினாறாவது டீயில் உங்களுக்கு நேர்வதும் இதுவே. இழப்பதற்கு ஏதோ ஒன்று கைக்கு வந்துவிட்டதும், மனம் அதுவரை தானாக ஓடிய வீச்சின் கடிவாளத்தைப் பிடித்து இழுக்கிறது. தோளைத் திருப்பு, தலையைத் தூக்காதே, மெதுவாக இறக்கு என்று கட்டளைகள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றும் சரியான அறிவுரையாகவே இருக்கலாம். ஆனால் அது பயிற்சிக் களத்துக்கு உரியது.

[திரையில்: ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி மைதானத்து வரைபடம். பதினெட்டாவது குழியைச் சுற்றி வளையும் ஓடை நீலத்தில் ஒளிர்கிறது.]

1999, ஓப்பன் சாம்பியன்ஷிப்பின் கடைசி நாள். பிரான்ஸின் ழான் வான் டி வெல்ட் மூன்று ஷாட் முன்னிலையுடன் பதினெட்டாவது டீக்கு வருகிறார். அது பார் 4 குழி. 6 எடுத்தால்கூடக் கோப்பை அவருக்குத்தான். அவர் டிரைவரை, அதாவது பந்தை மிகத் தூரம் அனுப்பும் மட்டையை, எடுத்தார். பந்து வலப்பக்கம் வெகுவாக விலகிப் பதினேழாவது குழியின் ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் நடுவே புல் வெட்டப்பட்ட பாதை) பக்கம் போனது. இருந்தாலும் ஓடையில் விழாமல் நல்ல இடத்திலேயே கிடந்தது.

பலரும் அந்த டிரைவரையே குறை சொல்வார்கள். என் பார்வையில் பிழை அங்கே இல்லை. பேரி பர்ன் என்ற அந்த ஓடைக்கு முன்னால் பந்தைக் குட்டையாக நிறுத்தி, மூன்றாவது ஷாட்டில் கிரீனை அடைந்து, மூன்று புட் எடுத்திருந்தாலும் அவர் வென்றிருப்பார். அவரோ இரண்டாவது ஷாட்டிலேயே கிரீனைத் தொட 2-அயர்னை (நெடுந்தூரம் அடிக்கும் இரும்பு மட்டை) எடுத்தார். பந்து பார்வையாளர் மேடையின் கம்பியில் மோதி, ஓடையின் கற்சுவரில் பட்டு, பின்னோக்கித் தெறித்து, முழங்கால் உயரப் புல்லுக்குள் விழுந்தது. இதில் துரதிர்ஷ்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அதற்கு அடுத்த முடிவை அவர்தான் எடுத்தார். புல்லிலிருந்து பக்கவாட்டில் ஃபேர்வேக்கு எடுத்துவிட்டு நான்காவதில் கிரீனுக்குப் போக வழி இருந்தும், அவர் மறுபடியும் ஓடையைத் தாண்டிக் கிரீனையே குறிவைத்தார். பந்து ஓடைக்குள் விழுந்தது.

[திரையில்: கற்சுவர்களுக்கு நடுவே ஓடும் நீரின் அண்மைக் காட்சி.]

அவர் காலணிகளையும் காலுறைகளையும் கழற்றி, கால்சட்டையை மடித்துவிட்டு நீரில் இறங்கி நின்றார். நீருக்கடியில் கிடந்த பந்தை அங்கிருந்தே அடிக்கலாமா என்று பார்த்தபடி அவர் நின்ற அந்தச் சில நிமிடங்களை உலகமே பார்த்தது. கடைசியில் தண்ட ஷாட்டை ஏற்றுப் பந்தை வெளியே வைத்தார். ஐந்தாவது ஷாட் பங்கர் என்ற மணற்குழிக்குள் போனது. அங்கிருந்து எடுத்து, எஞ்சிய புட்டை அவர் துணிவோடு போட்டதையும் சொல்லியாக வேண்டும். அது எளிதான புட் அல்ல. மொத்தம் 7. பிளேஆஃபில், அன்று காலை பத்து ஷாட் பின்தங்கியிருந்த பால் லாரி வென்றார். அந்த ஆண்டு முடிவதற்குள் வான் டி வெல்ட் ஒரு விளம்பரப் படப்பிடிப்புக்காக அதே குழியைப் புட்டரை மட்டும் வைத்து ஆடி, மூன்றாவது முயற்சியில் 6 எடுத்தார்.

ஸ்கோரை நினைக்கவே கூடாது என்று பலர் அறிவுரை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நினைக்காதே என்று சொன்னால் மனம் அதையே நினைக்கும். மேலும், 6 போதும் என்ற கணக்கு அன்று கார்னூஸ்டியில் மிகவும் தேவைப்பட்ட ஒன்று. ஸ்கோருக்கு உரிய இடம் பந்துக்குப் பின்னால், எந்த மட்டை, எந்த இலக்கு என்று முடிவெடுக்கும் வேளையில். பந்தின் அருகே சென்று நின்ற பிறகு அதற்கு வேலை இல்லை. இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்குப் பின்னால் எவ்வளவு வேண்டுமானாலும் யோசிக்கலாம். தாண்டியபின் இலக்கைப் பார்ப்பதும் அடிப்பதும் மட்டுமே. தாண்டிய பிறகு சந்தேகம் எழுந்தால் பின்வாங்கி முதலிலிருந்து தொடங்குங்கள், சந்தேகத்தோடு அடிக்க வேண்டாம்.

பாதுகாப்பாக ஆடுவதைத் தயங்கி ஆடுவது என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். நல்ல சுற்றுகள் இங்கேதான் அதிகம் பாழாகின்றன. டிரைவரையே எடுத்து அதைப் பாதி வேகத்தில் இறக்குவதை விட, ஒரு 5-அயர்னை எடுத்து, ஃபேர்வேயின் அகலமான பகுதியை நோக்கி உங்கள் வழக்கமான முழு வீச்சில் அடிப்பது எவ்வளவோ மேல். எச்சரிக்கை இலக்கில் இருக்கட்டும், வீச்சில் வேண்டாம்.

பந்தை நெருங்கும்போது ஒருமுறை நீளமாக மூச்சை வெளியே விடுங்கள். உள்ளிழுப்பதை விட வெளிவிடுவது நீண்டதாக இருக்கட்டும். கைப்பிடியை ஒருமுறை வேண்டுமென்றே இறுக்கிப் பின் தளர்த்துங்கள். எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தீர்கள் என்பது அப்போது தெரியும். முதல் குழியில் இரண்டு ஒத்திகை வீச்சு எடுத்தவர் பதினெட்டாவதிலும் இரண்டே எடுக்க வேண்டும். முக்கியமான ஷாட் என்பதற்காகப் பந்தின் மேல் நெடுநேரம் நிற்பது, கட்டளைகள் நுழையக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம்.

ஷாட்டுகளுக்கு இடையிலான நடைதான் உண்மையில் நீண்டது. நான்கு மணி நேரச் சுற்றில் மட்டை சுழலும் நேரம் சில நிமிடங்களே. மற்ற நேரமெல்லாம் மனம் சும்மா கிடக்கிறது. தலையை நிமிர்த்தி நடந்து, உடன் ஆடுபவரோடு வேறு எதையாவது பேசுங்கள். பேச்சு ஒத்துவராதவர்கள் மௌனமாகவே நடக்கலாம். அமெரிக்காவின் அகஸ்டாவில் நடந்த 2025 மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாளில் ரோரி மெக்கில்ராய் தன்னோடு பேசவே இல்லை என்று உடன் ஆடிய பிரைசன் டிஷாம்போ பிறகு சொன்னார்.

[திரையில்: அகஸ்டாவின் பதினெட்டாவது கிரீன்.]

அந்த நாள் முழுவதுமே ஒரு பாடம்தான். 2011-இல் இதே அகஸ்டாவில் நான்கு ஷாட் முன்னிலையோடு கடைசிச் சுற்றைத் தொடங்கி 80 எடுத்துச் சரிந்தவர் மெக்கில்ராய். 2025-இல் பதின்மூன்றாவது குழியில் ஒரு சிறிய வெட்ஜ் ஷாட்டை (குறைந்த தூரத்துக்கான மட்டையால் உயரமாக அடிப்பது) ஓடைக்குள் போட்டு டபுள் போகி, அதாவது பாரை விட இரண்டு அதிகம், எடுத்தார். பதினெட்டில் பார் எடுத்தால் வெற்றி என்ற நிலையில், ஃபேர்வேயிலிருந்து அடித்த பந்தைப் பங்கருக்குள் அனுப்பி, பிறகு ஐந்தடி அளவிலான புட்டையும் தவறவிட்டார். ஜஸ்டின் ரோஸுடன் பிளேஆஃப். மீண்டும் பதினெட்டாவது டீக்குப் போகும் வழியில், இந்த நிலையைத் திங்கட்கிழமை காலையில் யாராவது தந்திருந்தால் நாம் ஏற்றுக்கொண்டிருப்போம் அல்லவா என்ற பொருளில் அவருடைய கேடி (மட்டைப் பையைச் சுமந்து உடன் வரும் துணையாளர்) ஹாரி டயமண்ட் சொன்னதை மெக்கில்ராயே பகிர்ந்திருக்கிறார். சற்றுமுன் நழுவவிட்டதையே நினைத்துக்கொண்டிருந்த மனத்தை, எதிரில் இருக்கும் ஷாட்டுக்குத் திருப்ப அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. அதே ஃபேர்வே, அதே கொடி. இம்முறை வெட்ஜ் ஷாட் கொடிக்கு நான்கடி அருகில் வந்து நின்றது. அந்தப் புட் விழுந்தது.

இந்த நிலைக்குப் பழகாமல் போனால் எந்த உத்தியும் அன்றைக்குக் கைகொடுக்காது. பைலாக்கும் காரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், வீடியோ கேமரா முன்னால் பயிற்சி எடுத்தவர்கள் பிறகு நெருக்கடியிலும் தடுமாறவில்லை. ஆகவே நாளை மாலை பயிற்சி கிரீனுக்குப் போகும்போது கைபேசியைப் பையின் மேல் சாய்த்துவைத்துப் பதிவுப் பொத்தானை அழுத்துங்கள். நண்பர் ஒருவரை அருகில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்றடி தூரத்திலிருந்து தொடர்ந்து பத்துப் புட்டுகள் விழுந்தால்தான் வீட்டுக்குக் கிளம்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தவறினாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். எட்டாவது விழுந்து ஒன்பதாவதுக்குக் குனியும்போது, பதினாறாவது டீயில் உணர்ந்த அதே இறுக்கத்தை விரல்களில் உணர்வீர்கள். அப்போது மூச்சை வெளியே விட்டு, பிடியைத் தளர்த்தி, அடியுங்கள்.