கச்சேரி சூப்பராம், நமக்குத்தான் கேக்கல

வணக்கமுங்க. கொழிஞ்சாம்பாறைல இருந்து பேசறேன். பாலக்காடு ஜில்லாதான், ஆனா வீட்ல பேசறது தமிழு, வேலந்தாவளம் தாண்டுனா கோயமுத்தூரு, அதனால பாட்டுன்னா நமக்கு ரெண்டு பக்கமும் உண்டு, இந்தப் பக்கம் உற்சவத்துல கானமேளா, அந்தப் பக்கம் நோம்பில ஆர்கெஸ்ட்ரா.

இன்னைக்கு வீடியோ, காசு குடுத்துப் போயி ஏமாந்து வந்த கச்சேரிகளப் பத்தி.

மொதல்ல என் கதைய சொல்லிடறேன். கொஞ்ச வருசம் முன்னாடி கோயமுத்தூர்ல ஒரு பெரிய ஷோ, யாருன்னு சொல்லல, பாடுனவங்க மேல தப்பில்ல. தலைக்கு 2,000 ரூவா, மச்சானும் நானும் பைக்ல போனோம். பார்க்கிங்ல இருந்து நடந்து நடந்து உள்ள போறதுக்குள்ள மூணு பாட்டு முடிஞ்சுது, சரி போச்சாதுன்னு நின்னா ஸ்டேஜ்ல யாரோ தீப்பெட்டி சைசுல ஆடறாங்க, ட்ரம்ஸ் மட்டும் தும் தும்னு நெஞ்சுல இடிக்குது, பாட்டு வரி ஒண்ணுகூட வெளங்கல. மறுநாள் முன்னாடி நின்ன யாரோ போட்ட வீடியோவப் பாத்துத்தான், ஓ இந்தப் பாட்டா பாடுனாங்கன்னு தெரிஞ்சுது.

(ஸ்க்ரீன்ல: மைதானம், ஸ்டேஜ், கடைசி வரிசை, நடுவுல ஒரு நீளக் கோடு)

ஏன் கேக்கல? திறந்த வெளில ஒரு ஸ்பீக்கர்ல இருந்து தூரம் ரெண்டு மடங்கு ஆனா சத்தம் 6 டெசிபல் கொறையும், டெசிபல்ங்கறது சத்தத்த அளக்கற அளவு. 10 மீட்டர்ல இருக்கறவருக்கும் 80 மீட்டர்ல இருக்கறவருக்கும் 18 டெசிபல் வித்தியாசம். அதுக்குத்தான் இப்பல்லாம் ஸ்டேஜ் ரெண்டு பக்கமும் வாழத்தார் மாதிரி வளைச்சு ஸ்பீக்கர தொங்க விடறாங்க, லைன் அரே. அதுல ஒரு தூரம் வரைக்கும் 6க்கு பதிலா 3தான் கொறையும். அதையும் தாண்டி ஆளு நின்னா நடுவுல தனியா ஸ்பீக்கர் டவர் வெக்கணும், அத வெச்சா மட்டும் போதாது, சத்தம் செகண்டுக்கு சுமார் 340 மீட்டர்தான் போவும், 100 மீட்டர் தள்ளி இருக்கற டவர் ஏறக்கொறைய 0.3 செகண்ட் லேட்டா பாடணும், இல்லைன்னா பக்கத்து டவர் சத்தம் மொதல்ல, ஸ்டேஜ் சத்தம் அப்பறம்னு ரெண்டு பாட்டா கேக்கும். இதுக்கெல்லாம் காசு ஆவும். செலவக் கொறைக்கணும்னா மொதல்ல கைய வெக்கறது இதுலதான், ஏன்னா போஸ்டர்ல டவர் தெரியாது பாருங்க.

எங்க ஊருக்குன்னு இன்னொரு வில்லன் இருக்கு. காத்து.

(ஸ்க்ரீன்ல: மேற்குத் தொடர்ச்சி மலை, நடுவுல பாலக்காட்டுக் கணவாய்)

மலைல இவ்ளோ அகலமா தொறந்து கெடக்கறது இந்த ஒரு எடந்தான், மார்கழி தை மாசத்துல கெழக்க இருந்து அடிக்கற காத்துல காயப்போட்ட வேட்டி அடுத்த தோட்டத்துல கெடக்கும். உற்சவ சீசனும் அப்பத்தான் ஆரம்பிக்கும். சரி, காத்து சத்தத்த என்ன பண்ணும்? தள்ளிட்டுப் போயிடும்னு நெனைப்போம், அப்படியில்லீங்க. தரைய ஒட்டி காத்து மெதுவா, மேல போவப் போவ வேகமா அடிக்கும். அதனால எதுக்காத்துல போற சத்தம் மேல வளைஞ்சு நம்ம தலைக்கு மேல போயிரும், காத்து கூடவே போற சத்தம் கீழ வளைஞ்சு தரைக்கு வரும். கச்சேரில ஒக்காந்திருக்கறவனுக்குக் கேக்காது, மேக்கால ரெண்டு கிலோமீட்டர் தள்ளி தூங்கறவனுக்கு பல்லவி சரணத்தோட கேக்கும், அவன்தான் போலீசுக்கு போன் போடுவான்.

இதுல சவுண்ட் செக் மத்தியானம் 3 மணிக்கு, காலி மைதானத்துல. அந்த நேரத்துல தரை கொதிக்குது, அதுவே சத்தத்த மேல வளைக்கும், ராத்திரி தரை குளுந்தா நேர் தலைகீழ். ஆளுங்க வந்து நெறைஞ்சா அவங்க ஒடம்பே கீச்சு சத்தத்தையெல்லாம் உறிஞ்சிக்கும். ஆக மத்தியானம் வெச்ச செட்டிங்க ராத்திரி அப்படியே ஓட்டுனா அது வேற எடத்துக்கு வெச்ச செட்டிங்.

அப்பறம் டைம். 7 மணி ஷோ எப்ப 7க்கு ஆரம்பிச்சிருக்கு சொல்லுங்க. 2000ல வந்த சத்தக் கட்டுப்பாட்டு விதிப்படி ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும் ஸ்பீக்கர் கூடாது, விழாக்களுக்குன்னு வருசத்துல 15 நாள் வரைக்கும் 12 மணி வரை மாநில அரசு அனுமதி குடுக்கலாம், அவ்ளோதான். எட்டரைக்கு வந்து நிக்கறாங்க, 10க்கு கரண்ட கட் பண்றாங்க, கடைசில வெச்சிருந்த நல்ல பாட்டெல்லாம் போச்சு.

ஆனா நெஜமா வயித்தெரிச்சல் வர்றது உள்ள போவவே முடியாதப்பதான். 2023 செப்டம்பர் 10, சென்னை பனையூர், ஏ.ஆர். ரஹ்மானோட மறக்குமா நெஞ்சம். ஆகஸ்ட் 12க்கு வெச்சது மழையால தள்ளிப்போயி அன்னைக்கு நடந்துச்சு, கையில டிக்கெட் வெச்சிருந்தவங்களே உள்ள போவ முடியாம ரோட்ல நின்னு திரும்பிப் போனாங்க, அப்பறம் ரஹ்மானே எக்ஸ்ல டிக்கெட் காப்பிய மெயில் பண்ணுங்கன்னு போட வேண்டியதாச்சு. உள்ள ஸ்டேஜ்ல பாட்டு நல்லாத்தான் போயிருக்கு, அதான் கொடுமையே.

பாலக்காட்டுலயே 2025 மே மாசம் கோட்டை மைதானத்துல மலையாள ராப் பாடற வேடனோட ஷோ, கூட்டம் முண்டியடிச்சு சிலருக்கு அடி. பக்கத்து வீட்டுப் பையன் போயிருந்தான், ஒத்தச் செருப்போட வந்தான்.

ஒரு சதுர மீட்டர்ல 4 பேர் நின்னா கைய அசைக்கலாம். 6, 7னு ஏறுனா நீங்க நடக்கறதில்ல, கூட்டந்தான் உங்கள தண்ணி மாதிரி தூக்கிட்டுப் போவுது, பின்னாடி தள்றவனுக்கு முன்னாடி என்னன்னு தெரியாது. கொச்சி யுனிவர்சிட்டி குசாட்ல 2023 நவம்பர் 25 அன்னைக்கு நடந்தத ஏமாத்தம்னு சொல்ல வாய் வராதுங்க. மழை வந்துச்சு, வெளிய நின்னவங்க உள்ள ஓடுனாங்க, கேட்டத் தாண்டுனதும் கீழ எறங்கற படி, 4 பேர் செத்துட்டாங்க. கச்சேரி இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.

இப்ப எங்க ஊர் சவுண்ட் சர்வீஸ் அண்ணன் கதை. போன உற்சவத்துல மைதானத்துக்கு மேக்கால ஸ்டேஜ், ஆளுங்க கெழக்கால, அதாவது சுத்தமா எதுக்காத்து. ஸ்டேஜ அந்தப் பக்கம் மாத்துங்கன்னா கமிட்டிக்காரங்க யானை வர்ற வழி அடையும், முடியாதுன்னுட்டாங்க. அண்ணன் ஒண்ணும் பேசல. ஒரு ட்ராக்டர் ட்ரெய்லர நடு மைதானத்துல நிறுத்தி அதுல ரெண்டு ஸ்பீக்கர் பொட்டிய ஏத்துனாரு, சத்தத்த ஏத்தி எறக்கற மிக்சர பையன்கிட்ட குடுத்துட்டு ஆளுங்க வந்து ஒக்காந்த பின்னாடி கடைசி வரிசை வரைக்கும் நடந்து போயி போன்லயே "கொற, ஏத்து, போதும்"னு சொல்லிட்டிருந்தாரு. நானும் கூடப் போனேன். ஏண்ணா இவ்ளோ தூரம் நடக்கறீங்கன்னேன். "மிக்சர் கிட்ட நின்னா எனக்கு நல்லாத்தான் தம்பி கேக்கும்"னாரு.

அப்ப கடைசி வரிசைல ஒக்காந்திருந்த ஒரு அம்மிச்சி எந்திரிச்சு வந்தாங்க. "ஏஞ்சாமி, அந்தப் பொட்டியக் கொஞ்சம் கொறச்சு வையி, காதடைக்குது."