ரெண்டு பேருக்குள்ள சண்டை, வார்டு முழுக்க இறுக்கம்

"எங்க வார்டுல ரெண்டு ஸ்டாஃப் நர்ஸுக்குள்ள பேச்சே இல்ல. மத்த எட்டு பேருக்கும் அதுல சம்பந்தம் கிடையாது. ஆனா எல்லாருமே இறுகிப் போயிருக்காங்க. இன்சார்ஜா நான் என்ன பண்றது?"னு ஒரு சிஸ்டர் கேட்டிருக்காங்க.

மத்தவங்க மிகைப்படுத்தல, சிஸ்டர். மனநிலை ஒட்டிக்கும். பக்கத்துல இருக்கறவங்க முகத்தையும் குரலையும் நம்மை அறியாமலே வாங்கிக்கறோம். பிரிட்டன்ல சமுதாய நர்ஸ்கள் (ஆஸ்பத்திரிக்கு வெளியே, வீடுகளுக்குப் போய்ப் பாக்கறவங்க) குழுக்கள்ல செஞ்ச ஆய்வு 1998-ல வந்தது. ஒருத்தரோட மனநிலை சக ஊழியர்களோட மனநிலையை ஒட்டியே ஏறி இறங்குச்சு. எல்லாருக்கும் பொதுவா இருந்த வேலைத் தொல்லைகளைக் கழிச்சுப் பாத்தாலும் அப்படித்தான்.

ஆனா நான் பயப்படறது முகம் வாடறதுக்கு இல்ல, பேச்சு குறையறதுக்கு. 2015-ல வெளியான இஸ்ரேல் ஆய்வுல, பச்சிளங்குழந்தை ஐ.சி.யூ. குழுக்கள் 24-க்கு பொம்மைக் குழந்தையை வெச்சுப் பயிற்சி கொடுத்தாங்க. சில குழுக்கள்கிட்ட மட்டும் வெளி நிபுணர் ஒருத்தர் மட்டம் தட்டிப் பேசினார். அந்தக் குழுக்கள்ல நோயைக் கண்டுபிடிக்கறதும் சிகிச்சை செய்யறதும் ரெண்டுமே சரிஞ்சது. தகவல் சொல்றதும் உதவி கேக்கறதும் குறைஞ்சதுதான் முக்கியக் காரணம்.

உங்க வார்டுல இதை ஷிஃப்ட் மாறும்போது பாக்கலாம். "ஏழாம் பெட்ல ஐ.வி. போட்ட கை லேசா வீங்கியிருக்கு, ஒரு தடவை பாருங்க"னு வாயால சொல்ல வேண்டியது நோட்டுல ஒரு வரியா நின்னுடும். அடுத்த ஷிஃப்ட்டுக்குப் பொறுப்பை வாங்கறவங்க திருப்பிக் கேக்க மாட்டாங்க. இல்லன்னா மூணாவது சிஸ்டர் தூது போவாங்க, பாவம், அவங்கதான் முதல்ல சோர்ந்து போவாங்க.

ஹேண்டோவரை (ஷிஃப்ட் மாறும்போது நோயாளி விவரத்தை ஒப்படைக்கறதை) பெட் பக்கத்துலயே நின்னு கொடுக்கச் சொல்லுங்க. வாங்கறவங்க மருந்து, அளவு, நேரம் மூணையும் திருப்பிச் சொல்லணும். இது எல்லாருக்கும் பொது விதி, அந்த ரெண்டு பேருக்கு மட்டும்னு வெச்சா அவமானமாப் போயிடும். அவங்களைத் தனித்தனியாக் கூப்பிட்டு, "எந்த நாள், எந்த வேலை, என்ன நடந்தது?"னு கேளுங்க. "யார் மேல தப்பு?"னு ஆரம்பிச்சா வேலைப் பிரச்சினை ஆள் பிரச்சினையா மாறிடும். மொத்த ஸ்டாஃபையும் உக்கார வெச்சுப் பஞ்சாயத்து வேண்டவே வேண்டாம், ஒதுங்கி நிக்கறவங்களும் கட்சி சேர வேண்டி வரும்.

எல்லார் முன்னாடியும் குரல் உயர்ந்தா மட்டும் அங்கேயே, "ரெண்டரை மணிக்கு என் ரூம்ல பேசுவோம்"னு சொல்லுங்க. பாத்துட்டு இருக்கறவங்களுக்கு இதை யாரோ கையில எடுத்துட்டாங்கன்னு தெரியணும். விசாரிச்சதுல நைட் டியூட்டி ஒருத்தருக்கே திரும்பத் திரும்ப விழுந்திருக்குன்னு தெரிஞ்சா, சமாதானப் பேச்சை நிறுத்திட்டு முதல்ல டியூட்டி லிஸ்ட்டைத் திருத்துங்க.