பெரியவர்கள் கையிலும் ஒரு தட்டு பானை ஓடு கொடுங்கள்

வணக்கம் மக்களே! குரல் கரகரவென்று இருக்கும், ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசியிருக்கிறேன், ஆனால் சந்தோஷமாகப் பேசியிருக்கிறேன்.

போன மாதம் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். பானை ஓடுகளை வைத்து ஏதோ பயிற்சி என்று பலகை இருந்தது. ஆசையாகப் போய் நின்றால், "இது ஸ்கூல் பிள்ளைங்களுக்கு மட்டும் மேடம், நீங்க ஓரமா நின்னு பாருங்க" என்கிறார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பெரியவர்களுக்கு என்ன வைத்திருக்கிறார்கள்? முக்கால் மணி நேரச் சிறப்புரை, பொன்னாடை, டீ. இல்லையென்றால் வினாடி வினா, அது எனக்கு எவ்வளவு பிடிக்காது என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் காட்சிக்கூடத்துக்குள்ளேயே மேசை போட்டு, தன்னார்வலர் ஒருவர் பக்கத்தில் இருந்து, உண்மையான பழம்பொருளையே கையில் கொடுக்கிறார்கள். பெரியவர்களுக்கும்தான்!

சரி, நாமே செய்வோம் என்று நண்பர்களோடு சேர்ந்து முடிவெடுத்தோம். காலையில் மதுரையில் தோழி வீட்டு மாடியில் கைவேலை, மதியம் எல்லோரும் கீழடி அருங்காட்சியகம். இந்த வரிசை முக்கியம். கையால் தொட்டுவிட்டுப் போனால்தான் கண்ணாடிப் பெட்டி முன்னால் நிற்கத் தோன்றும்.

மேசைக்கு ஒரு தட்டு, தட்டு நிறைய ஓடுகள். "பிரித்து வையுங்கள்" என்பதைத் தவிர முதல் அரை மணி நேரம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. சிலர் நிறம் பார்த்துப் பிரித்தார்கள், சிலர் தடிமன் பார்த்து, ஒரு மேசையில் மட்டும் பானையின் வாய்ப்பகுதி ஓடுகளைத் தனியாக எடுத்து வைத்தார்கள். அகழாய்வுக் களத்திலும் அந்த வேலைதான் நடக்கும், வாய் விளிம்பை வைத்துத்தான் பானை என்ன வடிவம் என்று சொல்ல முடியும். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: இந்த ஓடு ஏன் உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு? ஒருவர் சாயம் என்றார். இன்னொருவர் சமைத்த கரி என்றார். உடனே ஒரு அம்மா, "அடுப்புக்கரி வெளியிலதானே பிடிக்கும், உள்ள எப்படி வரும்?" என்று கேட்டார் பாருங்கள், எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. எத்தனை வருடம் பானை கழுவிய கை அது! பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடுவார்கள், உள்ளே காற்றுப் போகாமல் கருக்கும், வெளியே காற்றுப் பட்டுச் சிவக்கும் என்ற விடையை அதற்கப்புறம்தான் சொன்னோம்.

ஐயோ, ஒன்று சொல்ல விட்டுப்போனது. இதெல்லாம் புதுப்பானை, குயவர் ஒருவரிடம் சொல்லிச் சுட்டு வாங்கி நாங்களே உடைத்தது. தொல்லியல் மேட்டில் ஓடு சும்மா கிடக்கிறதே என்று யாரும் எடுத்து வந்துவிடாதீர்கள், தயவுசெய்து.

இப்போது நாற்காலி. இதை நான் சொல்லியே ஆக வேண்டும். பெரியவர்களுக்கான நிகழ்ச்சி என்றால் முதலில் முதுகு சாய இடம் வேண்டும், ஆனால் அந்த நாற்காலிக்குக் கை இருக்கக் கூடாது, கை இருந்தால் மேசைக்குள் போகாது, தட்டு எட்டாது. முதல் வாடகைக் கடையில் கை வைத்ததுதான் இருந்தது, ஒன்றுக்கு 12 ரூபாய், வண்டிக்கூலி 500 தனி. ஸ்டூல் 6 ரூபாய்க்குத் தருகிறேன் என்றார். 70 வயது ஆட்களை ஸ்டூலில் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதா? விடவில்லை நான். கேட்டுக் கேட்டுப் போய், ஒரு சின்னக் கடையில் கை இல்லாத நாற்காலி, 10 ரூபாய், "அந்தப் பக்கம்தான் லோடு போகுது அக்கா, வண்டிக்கு ஒண்ணும் வேணாம்" என்றார். மாடி வரைக்கும் ஏற்றியும் கொடுத்தார். தங்கமான மனிதர். இரண்டு மணி நேரமும் ஒருவர்கூட நடுவில் எழுந்து போகவில்லை.

கடைசியாகக் காலக்கணக்கு. பெரியவர்கள் எதையும் "எப்படித் தெரியும்?" என்று கேட்பார்கள், அதற்குப் பயந்துதான் பல இடங்களில் ஆண்டை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டு அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போய் கி.மு. 580 என்று வந்தது, 2019-இல் அறிக்கையும் வந்தது. நாங்கள் மண் அடுக்குப் படத்தை வரைந்து வைத்து, கரியின் வயது இது, அப்படியென்றால் அதே அடுக்கில் கிடக்கும் ஓட்டின் வயது என்ன, மேலே இருக்கும் ஓட்டைப் பற்றி என்ன சொல்லலாம் என்று கேட்டோம். எலி வளை தோண்டி மேலே இருந்தது கீழே இறங்கியிருக்கலாமே என்றார் ஒரு விவசாயி. தொல்லியலாளர்களும் உண்மையிலேயே கவனிக்கிற விஷயம் அது. யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை!

மதியம் கொந்தகையில் இருக்கும் கீழடி அருங்காட்சியகத்துக்குப் போனோம், 2023 மார்ச்சில் திறந்தார்களே, செட்டிநாட்டு வீடு மாதிரிக் கட்டியது, அதுதான். எங்களோடு ஒரு கைத்தறி நெசவாளர் வந்திருந்தார். காலையில் நாங்கள் சுடுமண்ணில் செய்து வைத்திருந்த, நூல் நூற்கும் தக்களியில், நாங்கள் வாய் திறக்கும் முன்னே ஒரு குச்சியைச் செருகிச் சுற்றிக் காட்டியவர். அங்கே தக்களிப் பெட்டி முன்னால் நின்று எங்களுக்கு அவர் பாடம் எடுத்தார், சுற்றி நின்ற வேறு குடும்பங்களும் கேட்க ஆரம்பித்துவிட்டன. ஆதிச்சநல்லூரில் அகழாய்வுக் குழிக்கு மேலே போட்ட கண்ணாடித் தரையைப் பற்றிய பழைய வீடியோவில் நான் கேட்டேனே, பார்க்க வருபவருக்குத் தெரிந்ததை யார் கேட்பது என்று, அது இங்கே நடந்தது.

அடுத்த முறை தமிழி, அதாவது தமிழ் பிராமி என்கிற பழைய தமிழ் எழுத்து. எழுத்து அட்டையும் 'ஆதன்' என்று கீறிய ஓடும் கொடுப்போம், வாசிப்பு அவர்கள் வேலை. மாடிப்படி ஏற முடியாமல் சிலர் வரவில்லை, அதனால் மதுரையில் தரைத்தளத்தில் இடம் தேடுகிறோம். யாருக்காவது தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.