யாரும் மாற்றாத இரண்டாவது பிளக்

வணக்கம். காலை ஆறரை மணிக்கே கேமராவை எடுத்துவிட்டேன். சற்று நேரம் போனால் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டிவிடும், அந்த இரைச்சலில் நான் பேசுவது உங்களுக்குக் கேட்காது. திருவொற்றியூரில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் இந்த வண்டி, 2014-இல் வாங்கிய பஜாஜ் பல்சர் 150 மோட்டார் சைக்கிள்.

இந்த வண்டியில் ஒரே சிலிண்டருக்கு, பெட்ரோலைப் பொறியால் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குகள் இரண்டு. 2003-இல் டி.டி.எஸ்.-ஐ (டிஜிட்டல் ட்வின் ஸ்பார்க் இக்னிஷன்) என்ற பெயரோடு பல்சரில் வந்த ஏற்பாடு இது. ஒன்று, குனிந்து பார்த்தாலே கண்ணில் படும். மற்றொன்று டைமிங் செயின் ஓடும் பக்கத்தில், குழாய் போன்ற ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. இரண்டில் ஒன்று செத்துப்போனாலும் மற்றொன்று என்ஜினை ஓட்டிவிடும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். வண்டி நிற்காது, பிக்கப் குறையும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், நாமும் வண்டிக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒவ்வொரு சர்வீஸிலும் பிளக் மாற்றியதாக ரசீது தந்தார்கள். மாற்றப்பட்டதெல்லாம் கைக்கு எட்டிய பிளக் மட்டும்தான் என்பது சென்ற வாரம் நானே குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

முதலில், எந்த பிளக் வேலை செய்யவில்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். வெளியே தெரியும் பிளக்கின் கேப்பை, அதாவது மின்கம்பி முனையிலுள்ள மூடியை, கழற்றி, அதற்குள் ஒரு பழைய பிளக்கைச் செருகி, அதன் உலோக உடம்பு என்ஜினைத் தொடுமாறு வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். கேப்பை வெறுமனே தொங்கவிட்டு ஸ்டார்ட் செய்தால் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலுக்குக் கேடு, கையில் ஷாக்கும் அடிக்கலாம். பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருக்கவே கூடாது. இப்போது குழிக்குள் இருக்கும் பிளக் மட்டும்தான் வேலை செய்ய வேண்டும்; கேளுங்கள், செல்ஃப் சுற்றுகிறதே தவிர என்ஜின் பிடிக்கவில்லை.

என்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போதுதான் பிளக்கில் கை வைக்க வேண்டும், ஏனெனில் சிலிண்டர் ஹெட் அலுமினியம், பிளக்கின் உடம்போ எஃகு. சூட்டோடு திருகினால் ஹெட்டின் மரை பிளக்கோடு சேர்ந்து வந்துவிடக்கூடும். அதனால்தான் இரவெல்லாம் நின்ற வண்டியில் காலையில் வேலை செய்கிறேன். டேங்கைக் கழற்றாமலும் இதைச் செய்யலாம் என்பார்கள், ஆனால் விரல் முட்டிகளை உரித்துக்கொள்வதைவிட சீட்டை எடுத்து, பெட்ரோல் காக்கை மூடி, டேங்கின் பின்பக்க போல்ட்டைக் கழற்றிச் சற்றுத் தூக்கி வைப்பது மேல்.

அடுத்து வருவது பலரும் தாண்டிப் போகும் வேலை. நம் பகுதியில் கடற்காற்றின் உப்பும் லாரிப் புழுதியும் சேர்ந்து இந்தக் குழிக்குள் கெட்டியாகப் படிந்துவிடுகின்றன. அப்படியே பிளக்கைக் கழற்றினால் அத்தனை மண்ணும் சிலிண்டருக்குள் விழும். ஆகவே கேப்பை எடுத்தவுடன் சைக்கிள் பம்பின் குழாயைக் குழிக்குள் விட்டு, கண்ணாடி அணிந்துகொண்டு, நன்றாகக் காற்றடியுங்கள். துருவும் தெரிந்ததால் நேற்றிரவே சில சொட்டுத் துரு நீக்கி எண்ணெய் விட்டு வைத்திருந்தேன்.

இதற்கு 16 மி.மீ. அளவுள்ள, சுவர் மெலிந்த பிளக் சாக்கெட் தேவை. தடித்த சாக்கெட் குழிக்குள் இறங்காது. கால் சுற்று தளர்த்துங்கள், இறுகினால் வலுக்கட்டாயமாகத் திருகாமல் மீண்டும் உள்ளே திருப்பி, பிறகு தளர்த்துங்கள். அவசரப்பட்டு மரையைப் போக்கிவிட்டால் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

வந்துவிட்டது. முனையைப் பாருங்கள்: கரி அப்பி, மைய மின்முனை உருண்டு தேய்ந்திருக்கிறது. இரண்டு மின்முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. வரை இருக்க வேண்டும், இதில் 1.1 மி.மீ. கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) தாராளமாக நுழைகிறது.

புது பிளக்கை இவ்வளவு ஆழத்தில் நேராகப் பொருத்த ஒரு சாண் பெட்ரோல் டியூப் போதும். பிளக்கின் மேல்முனையில் டியூபைச் செருகி, குழிக்குள் இறக்கி, விரலால் சுற்றுங்கள். மரை கோணலாகப் பிடித்தால் டியூப் வழுக்கிச் சுற்றும், பிளக் நகராது. ஸ்பேனருக்கு இந்த நாசூக்கு கிடையாது. கையால் முழுவதும் இறங்கி வாஷர் உட்கார்ந்த பிறகே சாக்கெட்டால் ஏறக்குறைய அரைச் சுற்று. பிளக் பெட்டியின் மேலேயே எவ்வளவு சுற்ற வேண்டும் என்று படம் போட்டிருப்பார்கள், அதையே பின்பற்றுங்கள். இது 10 மி.மீ. மரை, மெல்லியது. கிரீஸும் தடவாதீர்கள், தடவினால் அதே கைவலுவுக்கு பிளக் அளவுக்கு மீறி இறுகிவிடும்.

குழிக்குள் இருக்கும் பிளக்குக்குக் கேப்பை மாட்டிவிட்டு, இப்போது அதே சோதனையை மீண்டும் செய்கிறேன். வெளி பிளக் இன்னும் இணைக்கப்படவில்லை. செல்ஃப் அழுத்துகிறேன்... பிடித்துவிட்டது, குழிக்குள் இருக்கும் பிளக்கின் வலுவில் மட்டும். வெளிப்பக்கக் கேப்பை மாட்டிவிட்டு டேங்க் போல்ட்டை இறுக்குகிறேன்; முதல் லாரி ஹாரனும் கேட்டுவிட்டது.