மூக்குல ரத்தம் வந்தா பிரஷர்தான் காரணமா?

[காட்சி: வாஷ்பேசினில் சொட்டும் ரத்தம். பக்கத்தில் பிரஷர் மெஷின், திரையில் 170/100]

மூக்குல ரத்தம் கொட்டுது. பதறிப்போய் பிரஷர் பார்க்கிறாங்க, 170/100. உடனே ஒருத்தர் சொல்வார்: "பிரஷர் ஏறித்தான் வந்திருக்கு. நல்லவேளை, மூக்கு வழியா போச்சு. இல்லன்னா மூளையில வெடிச்சிருக்கும்!"

இதுல முதல் பாதி கொஞ்சம் சரி. ரெண்டாவது பாதி முழுத் தப்பு.

தப்பை முதல்ல பார்த்துடுவோம். மூளையைக் காப்பாத்துற சேஃப்டி வால்வு இல்ல மூக்கு. கொஞ்சம் ரத்தம் வடிஞ்சதால உடம்புல பிரஷர் இறங்கிடாது. கட்டுப்பாடில்லாத பிரஷர் இருக்கறவங்களுக்கு, மூக்குல ரத்தம் நின்ன பிறகும் ஸ்ட்ரோக் ஆபத்து அப்படியேதான் இருக்கும்.

[காட்சி: மூக்கின் நடுச்சுவர். முன்பக்கத்தில் பின்னிக் கிடக்கும் ரத்தக்குழாய்கள் சிவப்பில்]

இப்ப மூக்குக்குள்ள போவோம். ரெண்டு துவாரத்துக்கும் நடுவுல இருக்கிற சுவரோட முன்பக்கத்துல, பல தமனிகளோட நுனிக்கிளைகள் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிடக்கு. காது மூக்கு தொண்டை டாக்டர்கள் இதை லிட்டில்ஸ் ஏரியான்னு சொல்வாங்க. மேல மூடியிருக்கிற சவ்வு ரொம்ப மெல்லிசு. மூக்குல வர்ற ரத்தத்துல சுமார் 90 சதவீதம் முன்பக்கத்துல இருந்துதான். ஆரம்பிச்சு வைக்கிறது பெரும்பாலும் வறண்ட காத்து, சளி, அலர்ஜி, அப்புறம் யாருமே ஒத்துக்காத அந்த ஆள்காட்டி விரல்.

அப்போ பிரஷர் என்ன பண்ணுது? ரத்தத்தை நிக்கவிடாம பண்ணுது.

[காட்சி: தமனியின் குறுக்குவெட்டு. இடப்பக்கம் ஆரோக்கியமான சுவர், வலப்பக்கம் விறைத்த சுவர்]

தமனியோட சுவர்ல தசை இருக்கு. குழாய் கிழிஞ்சா அந்தத் தசை இறுகி, ஓட்டையைச் சின்னதாக்கும். அதுக்குள்ள ரத்தம் உறைஞ்சு அடைச்சிடும். வருஷக்கணக்கா அதிக அழுத்தத்தைத் தாங்கின குழாய்ல, அந்தத் தசை இருந்த இடத்தை நார்த்திசு பிடிச்சுக்கும். சுவர் விறைச்சுடும், சரியா சுருங்காது. போதாததுக்கு, உள்ள இருந்து வர்ற வேகம் அப்பத்தான் உறைய ஆரம்பிச்ச கட்டியையும் தள்ளிவிடப் பார்க்கும்.

மூக்கோட பின்பக்கத்துல இருந்து வர்ற ரத்தம் இன்னும் சிக்கலானது. வயசானவங்களுக்குத்தான் அதிகம். வெளிய வர்றதைவிட தொண்டைக்குள்ள இறங்கறது ஜாஸ்தியா இருக்கும். வெளிய இருந்து அழுத்திப் பிடிச்சாலும் விரல் அங்க எட்டாது.

பிரஷரே நேரடியா ரத்தக்கசிவைத் தொடங்கி வைக்குதான்னு ஆய்வாளர்கள் இன்னும் ஒரே முடிவுக்கு வரல. அதனால ரத்தம் வர்ற நேரத்துல பார்த்த அந்த 170-ஐ வெச்சு மட்டும் எதையும் முடிவு பண்ணாதீங்க. ரத்தத்தைப் பார்த்த பயத்துலயே பிரஷர் ஏறும்.

[காட்சி: முன்னால் குனிந்து மூக்கைப் பிடித்திருக்கும் ஒருவர், சுவரில் கடிகாரம்]

அந்த நேரத்துல உட்காருங்க, கொஞ்சம் முன்னால குனியுங்க. தலையை அண்ணாந்தா ரத்தம் வயித்துக்குப் போய் வாந்தி வரும். மூக்கெலும்புக்குக் கீழ இருக்கிற மென்மையான பகுதியை ரெண்டு விரலால இறுக்கிப் பிடிச்சு, வாயால மூச்சு விடுங்க. கடிகாரத்தைப் பார்த்து 10-ல இருந்து 15 நிமிஷம். நடுவுல "நின்னுடுச்சா?"ன்னு விரலை எடுத்துப் பார்க்கறதுதான் எல்லாரும் பண்ற வேலை. எடுத்தா கணக்கு மறுபடி முதல்ல இருந்து.

அரை மணி நேரம் ஆகியும் நிக்கலைன்னா, இல்ல ரத்தம் நிறையப் போகுதுன்னா ஆஸ்பத்திரிதான். பிரஷர் 180/120-க்கு மேல இருந்து, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம் இருந்தா ஒரு நிமிஷம்கூட காத்திருக்க வேண்டாம். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையறதைத் தடுக்கிற மாத்திரை சாப்பிடறவங்க அதை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லணும். பயந்துபோய் தானா நிறுத்தக் கூடாது. மூக்கடைப்புக்குப் போடற சில சொட்டு மருந்தும் பிரஷரை ஏத்தும், கேட்டுட்டுப் போடுங்க.

ரத்தம் நின்னதும் பலர் பிரஷரையும் சேர்த்தே மறந்துடறாங்க. அடுத்த சில நாள், காலையிலயும் சாயங்காலமும், அஞ்சு நிமிஷம் அமைதியா சாய்ஞ்சு உட்கார்ந்து, கை நெஞ்சு மட்டத்துல இருக்க, அளந்து எழுதி வைங்க. வீட்டு மெஷின்ல சராசரி 135/85-ஐத் தாண்டினா, அந்தக் காகிதத்தோட டாக்டரைப் பாருங்க.